மக்ரூன் நமுக்கும் நேரம்

மாற்றலாகித் தூத்துக்குடிக்கு வந்தது ஒரு சித்திரை மாதம். முதல் பத்து நாளும் வீட்டுத் தரகர் ஒருவரின் ஸ்கூட்டர் பின்னிருக்கைதான் எனக்கு முகவரி. ஊரின் கரையோரத்தை வடக்கிருந்து தெற்காகவும் தெற்கிருந்து வடக்காகவும் அவர் என்னைச் சுமந்துகொண்டு அலைந்தார். வீட்டுக்கு வீடு சாவி மாறும். பூட்டைத் திறந்ததும் அவர் செய்வது மட்டும் மாறாது. எத்தனை அறை, எவ்வளவு அட்வான்ஸ் என்ற பேச்செல்லாம் பிறகு. வாசல் நிலையில் நின்றபடி வலது கையை முன்னே நீட்டி, கோழிக்குஞ்சை வாங்கிக்கொள்பவர் போல விரல்களை விரித்து, ஒரு நொடி கண்ணை மூடுவார். அப்புறம்தான் தீர்ப்பு. “இது கொண்டல் வீடு, அண்ணாச்சி.” இன்னொரு வாசலில், “இங்க கச்சான் தூக்கும். ஆனி ஆடியில ஜன்னலைச் சாத்திதான் வைக்கணும், பாத்துக்கிடுங்க.” மூன்றாவதில், துஷ்டி வீட்டுக்குள் நுழைந்தவர் போலக் குரலைத் தாழ்த்தி, “இது அடைச்ச வீடு.”

அந்தச் சொற்களில் நான் விழுந்தது அங்கேதான். கிழக்கே கடலிலிருந்து வருவது கொண்டல். வடக்கிலிருந்து வாடை. தெற்கிலிருந்து சோழகம். கரிசலையும் பொட்டலையும் கடந்து மேற்கிலிருந்து வருவது கச்சான். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கொண்டல் என்னும்போது வாய் நிறைந்து குளிர்கிறது. பழந்தமிழில் அதற்கு மேகம் என்றும் ஒரு பொருள் உண்டென்பது நாக்குக்கே தெரிந்திருக்கிறது. கச்சான் என்னும்போது தொண்டையில் மணல் உரசுகிறது. (கடலுக்கு அக்கரையில் இலங்கைத் தமிழர்கள் வேர்க்கடலையையும் கச்சான் என்கிறார்கள். காற்றுக்கும் கடலைக்கும் என்ன உறவோ!) பாய்மரத் தோணிக்காரர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படித்த பாடம் இது. எந்தக் காற்றில் பாயை விரிப்பது, எதில் சுருட்டுவது என்பதற்காகப் பிறந்த சொற்கள் மெல்லக் கரையேறி வந்து, படுக்கையறை ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன. நீரில் நனைந்த சொற்களுக்குத்தான் இப்படி ஒரு பளபளப்பு வாய்க்கும் போலிருக்கிறது.

கடலையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சென்னை மெரினாவின் உறுமலோடு வந்தவர்களுக்கு இந்தக் கடல் முதலில் ஏமாற்றம் தரும். அலையே இல்லையே என்பார்கள். உண்டு, ஆனால் அது பேசுவது தாழ்ந்த குரலில். மன்னார் வளைகுடாவின் இந்த மூலையில், கரைக்கு முன்னால் வான் தீவு, காசுவாரி, காரைச்சல்லி, விலாங்குசல்லி என்று சிறு தீவுகள் வரிசையாக உட்கார்ந்து, வருகிற அலையின் கோபத்தை வாங்கி வைத்துக்கொள்கின்றன. சல்லி என்பது பவளப்பாறையின் உடைந்த துணுக்குகளுக்கு இங்கத்தியப் பெயர். அத்தகைய துணுக்குகள் சேர்ந்து தீவாக எழுந்து, எழுந்ததன் கதையைப் பெயரிலேயே வைத்துக்கொண்டிருப்பதைப் பாருங்கள். இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை இப்படி 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். விலாங்குசல்லி நீருக்குள் போய்விட்டது. வான் தீவும் கரைந்து கரைந்து சிறுத்துவிட, அதைக் காக்கக் கடலுக்குள் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். கரையிலிருந்து கல்லெறி தூரத்தில் ஒருவர் வீடு கட்டி, துணி காயப்போட்டு, நிம்மதியாகத் தூங்க முடிகிறதென்றால், அந்த நிம்மதியில் தொலைவில் மூழ்கிக்கொண்டிருக்கும் அந்தச் சல்லித் துணுக்குகளுக்கும் பங்குண்டு. அதற்கான வாடகையை யார் யாருக்குக் கொடுப்பது!

தரகர் எனக்குக் காட்டிய முதல் வீடு பனிமய மாதா பேராலயத்துக்குப் பின்னே ஒரு சந்தில் இருந்தது. 1713ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் திறக்கப்பட்ட ஆலயம். 1982இல் பேராலயமாக உயர்த்தப்பட்டது. கடற்கரைச் சாலையில் அதன் வெண்மை கண்ணுக்கு எட்டும் முன்பே காற்றின் வாடை மாறிவிடுகிறது: கருவாடு, மெழுகு, பூ, கொஞ்சம் டீசல். அதே சாலையில் இன்னும் சற்று நடந்தால் 1750இல் டச்சுக்காரர்கள் கட்டிய திரித்துவ ஆலயம். டச்சுக் கம்பெனிக்கு அவர்கள் மொழியில் இருந்த பெயரைச் சுருக்கினால் வி.ஓ.சி. என்றுதான் வரும். அந்தக் கம்பெனி போய், அதற்குப் பின்வந்த ஆங்கிலக் கப்பல்களை எதிர்த்து 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி.யின் பெயரை இன்று துறைமுகமே தாங்கி நிற்கிறது. எழுத்துகள் அதே மூன்று, முதலாளி மாறிவிட்டார். இந்த ஊர்க்காரர்கள் இதைச் சொல்லிக் காட்டும்போது முகத்தில் வரும் குறும்புச் சிரிப்பு பார்க்க வேண்டிய ஒன்று.

சந்து வீட்டுக்கு வருவோம். என்னை முதலில் நிறுத்தியது கதவு. நூறு வருஷமாவது இருக்கும் என்று தோன்றிய தேக்குக் கதவு. வெயிலும் உப்பும் சேர்ந்து அதன் மென்சதையைத் தின்றுவிட்டு, ரேகைகளை மட்டும் புடைப்பாக விட்டுவைத்திருந்தன. உள்ளங்கையை வைத்தால் முதிய ஒருவரின் புறங்கையைத் தொட்டது போல இருந்தது. கீல்கள் மட்டும் பித்தளை. இரும்புக் கீல் இங்கே இரண்டு வருஷம் தாங்காது. மாற்றி மாற்றிச் சலித்து, யாரோ ஒரு மூதாதை பித்தளைக்கு வந்திருக்கிறார். அந்த ஒரு கீலில் எத்தனை தலைமுறைச் சமாதானம்! கடலை வெல்ல முடியாது என்று தெரிந்துகொண்டு, அதற்காக விட்டுக்கொடுத்தும் ஓடாமல், துருப்பிடிக்காத ஒன்றைத் தேடிப் பொருத்திவிட்டு உள்ளே போய்ச் சோறு தின்றிருக்கிறார்கள்.

உள்ளே தார்சா என்கிற முன்கூடம். அதைத் தாண்டி வானம் பார்த்த ஒரு சின்ன முற்றம், அடுக்களை, பாத்திரம் கழுவ அங்கணம். முற்றத்துச் சுவரில் ஓரிடத்தில் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்து கல் தெரிந்தது. குனிந்து பார்த்தவன் நிமிர ரொம்ப நேரமாயிற்று. அது கல் இல்லை; பவளம். செங்கல் அளவுக்கு அறுத்து வைத்த பழைய பவளப்பாறை. அதன் முகமெங்கும் நுணுக்கமான நட்சத்திரக் குழிகள், ஒன்றை ஒன்று தொட்டும் தொடாமலும், ஒரு பாவாடைத் துணியின் புள்ளிக் கோலம் போல. ஒவ்வொரு குழியும் ஓர் உயிர் வாழ்ந்த வீடு. வாடகை வீடு பார்க்க வந்தவன், காலியாகிப் போன ஆயிரம் வீடுகளைச் சுவராக அடுக்கிய ஒரு வீட்டின் முன் குனிந்து நிற்கிறேன்! இந்தக் கரையில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கும் சுவருக்கும் பவளத்தை வெட்டியெடுத்தார்கள். இன்று அதை எடுப்பது சட்டப்படி குற்றம். அப்படி இருப்பதுதான் சரி. ஆனால் எடுத்தது எடுத்ததாகிவிட்ட பிறகு, முன்னூறு ரூபாய் வால்பேப்பர் ஒட்டாமல் அந்தப் பத்து அங்குலத்தைப் பூசாமல் விட்டுவைத்திருந்தார்களே, அந்த ரசனைக்கு நான் கைகூப்பினேன்.

“பூசிடட்டுமா எய்யா? ஆள் இருக்கு” என்றார் வீட்டுக்காரம்மா. எழுபது வயதிருக்கும். வேண்டாம் என்று நான் பதறியதைப் பார்த்து அவருக்கு என்னைக் கொஞ்சம் பிடித்துப்போயிற்று என்று நினைக்கிறேன். உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்து வந்தார். மக்ரூன்.

தூத்துக்குடியைப் பற்றி எழுதிவிட்டு மக்ரூனைச் சொல்லாமல் போனால் ஊர் மன்னிக்காது. முட்டையின் வெண்கரு, சர்க்கரை, முந்திரிப் பருப்பு. மூன்றே பொருள். வெண்கருவை நுரைக்க நுரைக்க அடித்து, சர்க்கரையும் பொடித்த முந்திரியும் கலந்து, காகிதக் கூம்பால் தட்டில் பிழிந்து, தணிந்த சூட்டில் மணிக்கணக்கில் உலர விடுகிறார்கள். போர்த்துக்கீசியர் விட்டுப்போன பண்டம் என்பது ஊர் வழக்கு. ஐரோப்பாவில் பாதாம் இருந்த இடத்தில் இங்கே முந்திரி வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த வடிவம்தான் என் பலவீனம். அடியில் அகன்று, சுற்றிச் சுற்றி ஏறி, கூம்பை மேலே இழுத்து எடுக்கிற அந்தக் கடைசிக் கணத்தில், சிறு வாலாக மடிந்து நிற்கும் நுனி. ஒவ்வொன்றிலும் நுனி ஒவ்வொரு திசை பார்க்கும். பிழிந்தவரின் மணிக்கட்டு அன்றைக்கு எப்படி இருந்தது என்பதுகூட அதில் இருக்கிறது. வாயில் வைத்தால் மொறுக்கென்று ஒரே ஒரு ஒலி; அப்புறம் ஒன்றுமில்லை, இனிப்பாகக் காணாமல் போய்விடும்.

“எந்த வீட்டுக்குப் போனாலும் மூணு மணிக்கு ஜன்னல்ல இதுல ஒண்ணை வச்சுப் பாருங்க” என்றார் அவர். “அஞ்சு, அஞ்சரைக்குள்ள நுனி நமுத்துருச்சுன்னா கடக்காத்து நேரா வருதுன்னு அர்த்தம். மொறுமொறுன்னே இருந்தா வீடு அடைப்பு. ஒடம்புக்கு ஆகாது.”

“நமுத்தால் இரும்பெல்லாம் துருப்பிடிக்குமே, அம்மா?”

“துருப்பிடிக்கும்தான். ரெண்டும் ஒண்ணாத்தான் வரும்.”

தரகர் வாசலில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நீட்டிய கையால் அவர் ஒரு நொடியில் கண்டுகொள்வதற்கு அந்த அம்மாவிடம் இரண்டரை மணி நேரம் பிடிக்கும் ஒரு கருவி இருந்தது. இரண்டாவது எனக்குப் பிடித்திருந்தது, தின்னலாம் என்பதால். வழியில் கால் கிலோ வாங்கிக்கொண்டேன்.

அடுத்த நாள் வடக்கே, திரேஸ்புரம். வல்லங்களின் ஊர். வீதி முடிகிற இடத்தில் கரை தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. வீதியே மெல்ல மணலாகி, மணல் ஈரமாகி, ஈரம் கடலாகிவிடுகிறது. நீலமும் மஞ்சளுமாக, சிவப்பும் பச்சையுமாகத் தீட்டிய வல்லங்கள். ஒரு பக்கம் வலையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்தபடி அறுந்த கண்ணிகளைப் பின்னிக்கொண்டிருந்த முதியவர். அவரது ஊசி போய் வருகிற வேகத்தில் கையைப் பார்க்க முடியவில்லை, முடிச்சு விழுவது மட்டும் தெரிந்தது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; வல்லம் போன்ற நாட்டுப் படகுகளுக்கு அது இல்லை என்பதால் திரேஸ்புரம் சித்திரையிலும் விழித்தே இருந்தது.

அங்கே ஒரு மாடிப் போர்ஷன். இரண்டே அறை. காற்றுக்கு அடித்துக்கொள்ளாமலிருக்க வாசல் கதவுக்கு அண்டக் கொடுத்திருந்த பொருளைப் பார்த்ததும் மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. சங்கு. கடலிலிருந்து எடுத்தபடியே, தேய்த்து மெருகேற்றாத சங்கு. மேலே தவிட்டு நிறத் தோல், மரப்பட்டை போல முரடு; அதை யாரும் அழகென்று சொல்ல மாட்டார்கள். புரட்டி வாய்ப்பக்கம் பார்த்தால் பீங்கான் வழவழப்பு, அதிகாலையின் கீழ்வானம் போல ஒரு செம்மஞ்சள் சாயல். அந்த வாயின் உட்புறத்தில், சுழல் தொடங்கும் தூணில், மூன்று நான்கு மெல்லிய மடிப்புகள். சேலைக் கொசுவத்தைப் படிய விட்டது போல. எந்த அரமும் உளியும் தொடாத அந்த மடிப்புகள் உள்ளே போகப் போக ஒரே சீராகச் சுழன்று இருட்டுக்குள் இறங்குகின்றன. இந்தக் கடலில் இன்றும் சங்கு குளிக்கிறார்கள். குளித்தெடுத்த சங்கு வங்காளத்துக்குப் போய், வளையல்களாக அறுபட்டு, மணப்பெண்களின் கையில் ஏறுகிறது. நம் ஊர்க் கதவின் காலடியில் கிடப்பது அங்கே மாங்கல்யத்துக்குச் சமம்.

முத்துக் குளிப்புதான் நின்றுவிட்டது. கடைசியாகக் குளித்தது 1961இல். அதற்கு முன்பெல்லாம் முத்துப் பார்களில் சிப்பி முதிர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் கரையில் ஓர் ஊரே முளைக்குமாம்: ஓலைக் குடிசைகள், கடைகள், குளியாளிகள், அவர்கள் கயிற்றைப் பிடிப்பவர்கள், வியாபாரிகள். குளிப்பு முடிந்தால் ஊரைப் பிரித்துச் சுருட்டிவிடுவார்கள். சில வாரங்களுக்கென்று ஒரு வீடு, கடலுக்கு எத்தனை பக்கம் முடியுமோ அத்தனை பக்கம். வந்து தங்கிப் போகிறவர்களுக்கு இந்தக் கரை பழக்கப்பட்டது. அந்த நினைப்பு வெளியூர்க்காரனுக்கு எவ்வளவு ஆறுதல்!

மக்ரூன் அந்த மாடியில் நாலரைக்கே நமுத்தது. சங்குக்காகவே அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்று மறுநாள் காலை போனால், உள்ளே வேறொரு குடும்பம் பால் காய்ச்சிக்கொண்டிருந்தது. எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். சங்கு அதே இடத்தில் இருந்தது.

ஊருக்குள்ளே டூவிபுரம், பிரையண்ட் நகர், மில்லர்புரம் பக்கம் ஒரு நாள் போனது. கப்பலேறி வந்து நாடார் கடைக்கும் பிள்ளையார் கோயிலுக்கும் நடுவே தங்கிவிட்ட பெயர்கள். விவரமானவர்கள் வீடு பிடிக்கும் இடம்; பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் நடக்கிற தூரம். அலுவலக நண்பர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. மக்ரூன் மட்டும் ஏழு மணிக்கும் மொறுமொறுவென்றே இருந்தது. தாழ்வான ஒரு குடியிருப்பில் தரகர் தானாகவே என்னைச் சுவரருகே அழைத்துப்போய், இடுப்புக்கு மேல் ஓடிய மெல்லிய பழுப்புக் கோட்டைக் காட்டினார். 2023 டிசம்பர் 17, 18 மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை அது. அறை முழுக்கச் சுற்றி, அலமாரி வந்த இடத்தில் அதற்குள்ளும் போய் வெளியே வந்து, மட்டப்பலகை வைத்து இழுத்தது போல ஒரு பிசிறில்லாமல் ஓடியது அந்தக் கோடு. தண்ணீரைவிடத் தேர்ந்த கொத்தனார் கிடையாது. “இதை மறைச்சு வாடகைக்கு விட மாட்டேன், அண்ணாச்சி” என்றார். அவரிடம் கமிஷன் பேரம் பேசக் கூடாது என்று அப்போது முடிவு செய்தேன்.

தெற்கே, இனிகோ நகரும் ரோச் பூங்காவும் உள்ள கரை. மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. தடைக்காலத்தில்தான் அவற்றுக்குப் புதுப் பெயின்ட், புது வலை. மற்ற மாதங்களில் விடியுமுன் புறப்பட்டு இரவில் கரை திரும்புவது இங்குள்ள வழக்கம். குடிவந்த பிறகு ஒரு புரட்டாசி இரவில் அதைப் பார்த்தேன். முதலில் கடலும் வானமும் ஒரே கறுப்பு. பிறகு தொடுவானத்தில் ஒரு புள்ளி. அது வெளிச்சமா நட்சத்திரமா என்று தெரியாத ஒரு நிமிஷம். பின் இரண்டு, ஏழு, எண்ண முடியாமல். நகர்வது தெரியாது, ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிதாகிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு விளக்கும் தனக்குக் கீழே தண்ணீரில் நடுங்கும் ஒரு தங்கக் கயிற்றைத் தொங்கவிட்டபடி வரும். அந்தக் கயிறு கரையைத் தொடும்போதுதான் இன்ஜின் சத்தம் காதுக்கு எட்டும். ஒளி முதலில், ஒலி பிறகு, மீன் வாடை கடைசியில். இந்த வரிசைக்கிரமத்தில் ஒரு விருந்தின் பரிமாறல் போல ஒழுங்கு இருந்தது.

ரோச் பூங்காவில் குரூஸ் பர்னாந்துக்கு மணிமண்டபம் இருக்கிறது. நகராட்சித் தலைவராக இருந்து, 1927இல் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரை இந்த உப்பு ஊருக்குக் குழாயில் கொண்டுவந்தவர். தோண்டினால் உவர்நீர் வரும் மண்ணில் வீடு பார்க்கிறவர் யாராக இருந்தாலும், குழாயைத் திறந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்ப்பார். அது தித்திக்கும்போது குரூஸ் பர்னாந்தின் பெயரைச் சொல்லாவிட்டாலும் நன்றி அவருக்குத்தான் போகிறது. அதே கரையில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி கே. அழகர்சாமியும் உடனிருந்தவர்களும் 1973இல் சிப்பிக்குள் மணியை வைத்து முத்தை வளர்த்தெடுத்தார்கள். குளிப்பு நின்ற பன்னிரண்டே ஆண்டில் முத்து இன்னொரு வழியாக இந்த ஊருக்குத் திரும்பி வந்திருக்கிறது. இங்கே பார்த்த வீடு நல்ல வீடு. வாடகைதான் என் கைக்கு எட்டவில்லை.

கடைசியாக, திருச்செந்தூர் சாலையில் முத்தையாபுரம், முள்ளக்காடு. மொட்டை மாடிக்கு ஏறியதும் கண் கூசிப் பின்வாங்கினேன். உப்பளங்கள். குஜராத்துக்கு அடுத்து நாட்டின் கடலோரங்களில் அதிகம் உப்பு விளைவது இந்தக் கரையில்தான். மழை குறைந்த ஊர் என்பது குறையாக இல்லாமல் தொழிலாக ஆகிவிட்ட இடம். முதல் பார்வைக்கு எல்லாம் வெள்ளை. கண் பழகட்டும், அவசரப்படாதீர்கள். கிணற்று உவர்நீர் புதிதாக நின்ற தெப்பம் ஆகாய நீலம். அடுத்தடுத்து நீர் முற்ற முற்ற மங்கிய பச்சை, பிறகு பழுப்பு, கடைசிப் பாத்தியில் உப்பு விளையத் தயாராகும்போது ரோஜாவின் வெளிறிய சிவப்பு. உவரிலேயே வாழும் நுண்ணுயிர்கள் தருகிற நிறம் அது. அந்தச் சிவப்பின் மேல் காலையில் பாலாடை போல ஒரு மெல்லிய படலம் மிதக்கும். குச்சியால் தொட்டால் உடைந்து சரியும் ஓசை கண்ணாடி வளையல் ஓசை. வரப்புகளோ ஒரு கோணலில்லாத கட்டம். ஒவ்வொரு வரப்பையும் மிதித்து மிதித்து இறுக்கிய கால்களை நினைத்துக்கொள்ளாமல் அந்த நேர்த்தியைப் பார்க்க முடியாது; ராஜம் கிருஷ்ணன் இந்த அளங்களுக்கு வந்து தங்கி எழுதிய ‘கரிப்பு மணிகள்’ படித்தவர்களுக்கு அந்தக் கால்களின் வெடிப்பும் தெரியும். வாரிக் குவித்த அம்பாரங்கள் ஓலைத் தொப்பி போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கின்றன. நிலா நாளில் பார்க்க வேண்டும் என்றார் தரகர். “பனி பெஞ்ச மாரி இருக்கும். நாம பனியைப் பாத்ததில்ல, ஆனா அப்படித்தான் இருக்கும்.”

மக்ரூன் அந்த மாடியில் ஒரு விசித்திரம் செய்தது. நமுக்கவும் இல்லை, மொறுமொறுப்பாகவும் இல்லை. வெயிலில் இன்னும் உலர்ந்து விரலிடையில் பொடியாகிவிட்டது. தரகர் அதையும் வாயில் போட்டுக்கொண்டு, “கச்சான்” என்றார்.

அன்றிரவு ரோட்டோர நைட் கிளப் ஒன்றில் உட்கார்ந்தோம். திடுக்கிட வேண்டாம், பரோட்டாக் கடைக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். எண்ணெயில் முங்கிப் பொரிந்து எழுந்து வரும் பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் நனைத்தபடி பத்து நாள் பார்த்ததை எண்ணிப் பார்த்தேன். அறிவு ஊருக்குள்ளே இருந்த வீடுகளைச் சொல்லிற்று. தரகரோ ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது பரோட்டா முடிந்ததும், “அந்தப் பவளச் செவுரு வீட்டுச் சாவி இன்னும் எங்கிட்டதான் இருக்கு” என்றார்.

அப்படித்தான் சந்துக்கு வந்தேன். வந்த முதல் ஆண்டுக்குள் மிக்ஸியின் அடித்தட்டு, குடையின் கம்பி, சைக்கிள் சங்கிலி, என் மூக்குக்கண்ணாடியின் திருகாணி எல்லாம் துருவுக்குப் போயின. படுக்கையறைச் சுவரில் உப்புப் பூத்து, வெள்ளை மயிரிழைகளாக நீண்டு, ஊதினால் பறக்கும் பூவாகிறது. பூசினால் அடுத்த மாதம் மறுபடி பூக்கும். அதன் அழகையும் பழகிக்கொண்டேன். சூலை 26 கொடியேற்றத்திலிருந்து ஆகஸ்டு 5 திருவிழா வரை சந்தில் நடக்க இடமிருக்காது; எந்தச் சாதி எந்த மதம் என்றில்லாமல் ஊரே மாதாவைப் பார்க்க வரும். அந்த நாட்களில் வீட்டுக்காரம்மா என் தார்சாவை என்னைக் கேட்காமலே தன் சொந்தங்களுக்குப் படுக்கக் கொடுத்துவிடுவார். தங்கத் தேர் எல்லா ஆண்டும் வராது. 2023இல் அது ஓடியபோது கிடைத்த இடத்தை அவர் இன்னும் கையால் தொட்டுக் காட்டுகிறார்: ஜன்னலில் இந்தக் கம்பிக்கும் அந்தக் கம்பிக்கும் நடுவில்.

குடிவந்த அன்று பால் காய்ச்சி முடிந்து எல்லோரும் போன பிறகு, மூன்று மணிக்குக் கிழக்கு ஜன்னலில் ஒரு சின்னத் தட்டில் ஒரே ஒரு மக்ரூனை வைத்துவிட்டுப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கோயில் மணி அடித்தது. பழைய துறைமுகப் பக்கம் ஏதோ தோணியில் சரக்கேற்றும் ஆட்களின் குரல் எழுந்து எழுந்து அடங்கியது. முற்றத்தில் காயப்போட்ட துண்டு மேற்கு நோக்கிச் சரிந்து, நின்று, மறுபடி சரிந்தது. கிழக்கு மெல்ல உள்ளே வந்துகொண்டிருந்தது. ஐந்தே காலுக்குப் போய் நுனியை விரலால் தொட்டேன். உடையவில்லை. வளைந்தது.